உரத்த குரலில்

சம்பத் டியூபைத் தண்ணீரில் அமுக்கி மெதுவாகத் திருப்பினான். பிளாஸ்டிக் பீப்பாயை நெடுக்காக அறுத்துச் செய்த தொட்டி. தண்ணீர் கறுத்திருந்தது. வால்வுக்கு ஒரு சாண் தள்ளிக் குமிழிகள் வரிசையாக எழுந்தன. அங்கே பெருவிரலை வைத்துக்கொண்டு டியூபை வெளியே எடுத்தான். துணியால் துடைத்து, ஓட்டையைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டான். உப்புத்தாளால் தேய்த்தான்.

வேலப்பன்சாவடியில் சர்வீஸ் ரோட்டின் ஓரம், மழைநீர்க் கால்வாயின் சிமெண்ட் மூடிகளின் மேல் அவன் கடை. நான்கு கம்பு, ஒரு நீலத் தார்ப்பாய், ஒரு கம்ப்ரஸர். கம்ப்ரஸர் ஓடும்போது யாரும் பேச முடியாது. ஓடாதபோதும் அவன் அதிகம் பேசுவதில்லை. பேச்செல்லாம் பக்கத்தில் கரும்புச்சாறு வண்டி போட்டிருக்கும் ஏகாம்பரத்துடையது.

ஏட்டு வேம்புலி பைக்கை நிழலில் நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றி, தலையைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னா சம்பத்து, வேலையா?"

"வாங்க ஏட்டய்யா."

சம்பத் ஒரு பஸ் டயரைப் படுக்கப்போட்டு அதன்மேல் அட்டை ஒன்றை வைத்தான். வேம்புலி உட்கார்ந்தார். கால்களை நீட்டினார்.

"தேதி இன்னா இன்னிக்கு?"

"இருவத்தெட்டு," என்றார் ஏகாம்பரம், சாறு பிழியும் சக்கரத்தைச் சுற்றுவதை நிறுத்தாமல். "தெரியாத மாதிரி கேக்குறாரு பாரு. எத்தினி கொறையுது?"

"மூணு."

"போன மாசம் ரெண்டு கேஸுதானே கொறஞ்சுது?"

"புது எஸ்.ஐ. வந்துகீறாரு இல்ல. ஏரியா அமைதியா கீது சார்னு சொன்னா, அப்ப நீங்கள்லாம் தூங்குறீங்களான்னு கேக்குறாரு. நான் இன்னாத்த சொல்றது?"

"நானு, சம்பத்து. மூணாவது ஆளு?"

"தண்ணி கேன் போடுற அப்பாவுகிட்ட சொல்லிட்டேன்."

வேம்புலி பையிலிருந்து அட்டையையும் படிவங்களையும் எடுத்து முழங்காலில் வைத்து எழுத ஆரம்பித்தார். சில்லறைக் குற்றங்களுக்கான பெட்டி கேஸ் படிவம். எல்லா மாதமும் அதே வாசகம். பெயர், தகப்பனார் பெயர், வயது, நேரம் மட்டும் மாறும். சம்பத்தின் விவரங்களை அவர் கேட்பதில்லை.

"படிங்க ஏட்டய்யா," என்றார் ஏகாம்பரம். "இந்த தபா நான் இன்னா பண்ணேன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

வேம்புலி கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் படித்தார். "மேற்படி நபர் வேலப்பன்சாவடி சர்வீஸ் சாலையில் பொதுமக்கள் வந்து செல்லும் இடத்தில் நின்றுகொண்டு, உரத்த குரலில் ஆபாச வார்த்தைகளால் கத்தி, பொதுமக்களுக்கு இடையூறு செய்துகொண்டிருந்தார்."

"இது நானா, சம்பத்தா?"

"ரெண்டு பேருக்கும் அதேதான்."

"சம்பத்து கத்துனானா? அவன் பொண்டாட்டியக்கூட கூப்பிட மாட்டான் ஏட்டய்யா. கிட்ட போய் நிப்பான். அதுவா திரும்பிப் பாக்கற வரைக்கும்."

வேம்புலி சிரித்தார். சம்பத்தும் சிரித்தான். சொல்யூஷன் தடவிய இடத்தை ஊதி உலர்த்தி, பேட்சை ஒட்டி, சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டினான்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் இப்படி ஒரு மாதக் கடைசியில்தான் வேம்புலி முதலில் கேட்டார். அவருடைய பைக்கின் பின்சக்கரம் பஞ்சர். சம்பத் அதைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒரு பேர் கொடுக்கிறாயா, கோர்ட்டில் ஆமாம் என்று சொன்னால் போதும், அபராதத்தை நானே கட்டிவிடுவேன், அன்றைக்கே முடிந்துவிடும் என்றார். சம்பத் கொடுத்தான். அதற்குப் பிறகு கால்வாய்மேல் தார்ப்பாய் ஏன் என்று ஸ்டேஷனிலிருந்து யாரும் கேட்கவில்லை. ஹைவேஸ்காரர்கள் கடைகளை அகற்ற வரும்போது வேம்புலி முதல்நாளே வந்து சொல்வார். சம்பத்தின் மனைவி திவ்யாவுக்கு இடுப்புவலி எடுத்த அன்று தெருவில் முழங்கால் தண்ணீர். ஆட்டோ எதுவும் வரவில்லை. வேம்புலிதான் ஸ்டேஷன் ஜீப்பைக் கொண்டுவந்தார். சம்பத் இதையும் அதையும் சேர்த்து யோசித்ததில்லை. அவர் கேட்டார், அவன் கொடுத்தான்.

"வெள்ளிக்கெழம பத்து மணிக்கு கோர்ட்டாண்ட வந்துருங்க," என்றார் வேம்புலி. "வெள்ள சட்ட போட்டுகினு வராதீங்க. போன தபா ஏகாம்பரத்த வக்கீல்னு நெனச்சு ஒருத்தன் கும்புட்டான்."

*

கோர்ட் வராந்தாவில் பதினோரு பேர் வரிசையாக நின்றார்கள். பூ கட்டுகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், உண்மையிலேயே குடித்துவிட்டுக் கத்திய ஒருவர். அவர் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மற்றவர்கள் ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொண்டார்கள்.

பெயர்களை வேகமாகக் கூப்பிட்டார்கள். சம்பத் உள்ளே போய்க் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"பொது இடத்துல கத்தினீங்களா?" என்று நீதிபதி கேட்டார். அவர் தலை நிமிரவில்லை.

"ஆமாங்கய்யா."

"என்ன?"

"ஆமாங்கய்யா."

"சத்தமா சொல்லுங்க. காதுல விழல."

நீதிபதியின் மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த எழுத்தர் வாயைப் பொத்திக்கொண்டார். சம்பத் மூன்றாவது முறை சொன்னான். நீதிபதி எழுதினார்.

பிறகு சம்பத், ஏகாம்பரம், அப்பாவு மூவரையும் வேம்புலி பூந்தமல்லி மெஸ் ஒன்றுக்கு அழைத்துப்போனார். மீன் குழம்புச் சாப்பாடு. ஏகாம்பரம் இரண்டாம் தடவை சோறு வாங்கினார். அப்பாவு தண்ணீரைக் குடித்துப் பார்த்து, இது எந்தக் கம்பெனி கேன் என்று விசாரித்தார். வேம்புலி தன் இலையிலிருந்த வறுத்த மீன் துண்டைச் சம்பத்தின் இலைக்கு மாற்றினார்.

"எனக்குக் கொழுப்பு கூடாதுன்னுட்டான் டாக்டரு. நீ தின்னு. ஒண்ணரை வருசம் தள்ளிட்டேன்னா பென்ஷன். அப்பறம் இந்த படிவத்த நான் கனவுல கூட பாக்க மாட்டேன்."

வெளியே வெயில் அடித்தது. மூவரும் பீடா போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றார்கள். நல்ல நாளாக இருந்தது.

*

காலேஜ் பஸ்களை ஷெட்டில் நிர்வகிக்கும் ஸ்ரீகாந்த் ஒருநாள் காலையில் வந்து சம்பத் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நடுரோட்டில் நின்றுபோன காலேஜ் பஸ். பின்சக்கரம் இரட்டை. உள்பக்க டயர்தான் போயிருந்தது. சம்பத் ஜாக்கி வைத்து, வெளிச்சக்கரத்தைக் கழற்றி உருட்டிவிட்டு, உள்சக்கரத்தை எடுத்தான். ரிம்மில் டயரைப் பிடித்திருக்கும் லாக் ரிங்கைத் தட்டும்போது, தெறித்தால் படாதபடி முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டான். காற்றடிக்கும்போது ரிங்கின்மேல் கடப்பாரையைக் குறுக்காகக் கொடுத்து, தள்ளி நின்றான். ஒரு முறையும் அவசரப்படவில்லை.

"எங்க ஷெட்ல டயர் ஆள் நின்னுட்டார்," என்றார் ஸ்ரீகாந்த். "நாப்பத்திரண்டு பஸ். உள்ள வந்துடறீங்களா? மாசச் சம்பளம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு."

சம்பத் கையைத் துடைத்தான்.

"ஊட்ல கேட்டு சொல்றேன் சார்."

திருமழிசையில் பழைய தெரு ஒன்றில் அவர்களுக்கு ஓர் அறையும் சமையல்கட்டும். திவ்யா தொழிற்பேட்டையில் ஊறுகாய் பாக்கெட் போடும் இடத்தில் வேலை செய்தாள். எட்டு மணி நேரமும் நின்றே செய்யும் வேலை. இடது காலில் முட்டிக்குக் கீழே நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகப் புடைத்திருந்தது. ஆபரேஷன் செய்துவிட வேண்டும், ஒத்திப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருத்துவச் செலவை ஏற்கும் இ.எஸ்.ஐ. அவள் வேலை செய்யும் இடத்தில் கிடையாது.

அவன் சொன்னதும் அவள் துணி மடிப்பதை நிறுத்தினாள்.

"இ.எஸ்.ஐ. கார்டுல பொண்டாட்டி பேரும் வருமா?"

"வரும்னாரு."

"அப்ப இன்னாத்துக்குயா என்னை வந்து கேக்கற? அங்கயே சரின்னு சொல்லிட்டு வரதுதானே." கொஞ்சம் பொறுத்து, "உன் வாயி தெறந்தாத்தானே," என்றாள்.

மறுநாள் அவள் ஊறுகாய் கம்பெனியில் எல்லோரிடமும் சொன்னாள். பாப்பாவுக்கு நான்கு வயது. அதனிடமும் சொன்னாள். இனி அப்பா பஸ் ஷெட்டு, அம்மா கால் சரியாகிவிடும். பாப்பா அவள் காலைத் தடவிப் பார்த்தது.

வேலைக்கு ஒரே ஒரு காகிதம்தான் பாக்கி. பெண் பிள்ளைகள் படிக்கிற இடம் என்பதால் உள்ளே வேலைக்கு வரும் எல்லோரும் போலீஸ் வெரிஃபிகேஷன் கொடுக்க வேண்டும். குமணன்சாவடியில் ஒரு பிரவுசிங் சென்டரில் சபீனா என்ற பெண் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தாள்.

விசாரணைக்கு வேம்புலியே வீட்டுக்கு வந்தார். திவ்யா காப்பி போட்டாள்.

"நல்லதா எழுதுங்கண்ணா," என்றாள்.

"அமைதியானவர்னு எழுதட்டா?"

"எழுதுங்க. அதுல ஒண்ணும் பொய் இல்ல."

"அண்டை அயலாரிடம் விசாரித்ததில் நல்ல நடத்தை உடையவர்." அவர் சொல்லிக்கொண்டே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பாப்பாவைத் தூக்கி அவருடைய தொப்பியை அதன் தலையில் வைத்தார். "இது நம்ம ஜீப்புல பொறக்க வேண்டியது. அஞ்சு நிமிசத்துல தப்பிச்சுது." போகும்போது சம்பத்தின் தோளைத் தட்டினார். "வேல முடிஞ்சுது, போ. உள்ள போயி எங்களையெல்லாம் மறந்துடாத."

மாதக் கடைசிக் கேஸ்களை மூவரில் யாரும் நினைக்கவில்லை. கோர்ட்டில் அன்றன்றைக்கே முடிந்த விஷயம் அது.

*

பதினைந்து நாள் கழித்துச் சம்பத் காகிதத்தை வாங்கப் போனான். சபீனா பிரிண்ட் கொடுத்தாள். இயந்திரம் ஒரு தாளைத் தள்ளியது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

"மூணு பக்கம் வருதுண்ணா. சாதாரணமா ஒண்ணுதான் வரும்."

அவள் முதல் பக்கத்தைப் படித்தாள். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள்.

"உங்க பேர்ல பதினேழு கேஸ் இருக்குண்ணா."

"பெட்டி கேஸும்மா அது."

"எல்லாத்துலயும் தண்டனைன்னு போட்டிருக்கு."

அவள் காகிதங்களை நீட்டினாள். மேசைமேல் இருந்த தன் கைப்பேசியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சம்பத் அதைப் பார்த்தான். நன்றி சொல்லிவிட்டு இறங்கினான்.

அன்று மாலை திவ்யா கட்டிலில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு மூன்று பக்கத்தையும் படித்தாள். பத்தாவது வரை படித்தவள். தேதிகளை விரல் வைத்துப் பார்த்தாள்.

"நவம்பர் முப்பது," என்றாள். "யோவ், இது பாப்பா பொறந்த அன்னிக்கு."

"அப்டியா?"

"மத்தியானம் ரெண்டு மணி. சர்வீஸ் ரோட்டுல உரத்த குரல்ல கத்திகினு இருந்தியாம். நீ ஆஸ்பத்திரி வராண்டாவுல கீற. எங்கய்யா கத்துன?"

"கத்துனது நீதான்," என்றான் சம்பத்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. பாப்பாவும் காரணம் தெரியாமல் சிரித்தது. சம்பத்தும் சிரித்தான். பிறகு திவ்யா காகிதங்களை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். காலைக் கீழே இறக்கி, குனிந்து, முட்டிக்குக் கீழே அழுத்தித் தேய்த்துக்கொண்டாள்.

"ஏட்டய்யா கையில சொல்லு," என்றாள். "அவருதானே எழுதுனாரு. அவரே அழிக்கட்டும்."

மறுநாள் கடையில் வேம்புலி காகிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"முன்னல்லாம் பேரேட்டுல கெடக்கும் சம்பத்து. எலி தின்னும். இப்ப எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டானுங்க. எனக்கு இது தோணவே இல்ல."

அவர் ஸ்டேஷன் ரைட்டரைக் கேட்டார். எஸ்.ஐ.யைக் கேட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை வாங்கியவனுக்கு நான் எப்படி இல்லை என்று எழுத முடியும் என்று எஸ்.ஐ. சொன்னார். அவர் சொன்னதும் சரிதான் என்று வேம்புலி சம்பத்திடம் சொன்னார்.

"நானே வந்து அந்த சார்கிட்ட பேசறேன். யூனிபாரம் போடாம வரேன். ஒரு ஏட்டு சொன்னா கேக்க மாட்டாரா?"

*

பஸ் ஷெட்டின் மூலையில் தகரத் தடுப்புக்குள் ஸ்ரீகாந்தின் அறை. ஜன்னல் வழியாக வரிசையாக நின்ற பஸ்களின் டயர்கள் தெரிந்தன. வேம்புலி மடிப்புக் கலையாத கோடு போட்ட சட்டை போட்டிருந்தார். அந்தச் சட்டையில் அவர் வேறு யாரோபோல இருந்தார்.

"சார், சம்பத்துக்கு நான் கேரண்டி," என்றார். "இருவத்தாறு வருச சர்வீசு சார் எனக்கு. எத்தினியோ பேர பாத்துட்டேன். இவன் மாதிரி சாதுவான ஆளு கெடைக்க மாட்டான்."

ஸ்ரீகாந்த் மூன்று தாள்களையும் மேசையில் பரப்பி வைத்திருந்தார்.

"நீங்க சாதுன்னு சொல்றீங்க. இந்தப் பேப்பர் பதினேழு தடவை ஆபாசமா கத்தினார்னு சொல்லுது. ரெண்டும் உங்க ஸ்டேஷன்லேர்ந்துதான் வருது. நான் மேனேஜ்மெண்ட்டுக்கு எதைக் காட்டட்டும்?"

வேம்புலி தாள்களைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"போன வருஷமே எங்களுக்கு ஒரு சர்க்குலர் வந்துது சார். வேலப்பன்சாவடி ஸ்டாப்ல பொண்ணுங்களை நிக்க வைக்காதீங்க, அங்க பிரச்சனை ஜாஸ்தின்னு. ஸ்டேஷன்ல கொடுத்த லிஸ்ட்டை வச்சுத்தான் அனுப்பினாங்க. அப்பறம் பஸ்ஸையே அரை கிலோமீட்டர் தள்ளி நிறுத்தறோம். அந்த லிஸ்ட்ல இவரும் இருப்பார் போலிருக்கே." அவர் சம்பத்தைப் பார்த்தார். பிறகு வேம்புலியைப் பார்த்தார். "நேராவே கேக்கறேன். இதெல்லாம் உண்மையில நடந்ததா?"

வெளியே ஒரு பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் தகரத்தில் பட்டுத் தெறித்தது. வேம்புலி கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். மடித்தார். மறுபடியும் விரித்தார்.

"அது வந்து சார்," என்றார். "மாசக் கடசில..."

"நான்தான் சார்," என்றான் சம்பத்.

ஸ்ரீகாந்த் முன்னால் சாய்ந்தார். "என்ன?"

"நான்தான் சார். கோவம் வந்தா கத்திருவேன்."

"சரியா கேக்கல. என்ன சொன்னீங்க?"

சம்பத் இன்னொரு முறை சொன்னான். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் அவன் குரல் எழும்பவில்லை. ஆனால் ஸ்ரீகாந்த்துக்கு இந்த முறை புரிந்துவிட்டது. அவர் நாற்காலியில் சாய்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தாள்களைச் சேர்த்து நேராக்கி, சம்பத்திடம் திருப்பிக் கொடுத்தார்.

"உள்ள ஆளை எடுக்கத்தான் பேப்பர் வேணும்," என்றார். "வெளிய வேலை கொடுக்கறதுக்கு வேண்டாம். டயரெல்லாம் உங்க கடைக்கே அனுப்பறேன். காசை வவுச்சர்ல வாங்கிக்கங்க."

"கார்டு சார்?"

"என்ன கார்டு?"

"இ.எஸ்.ஐ."

"அது உள்ள இருக்கறவங்களுக்குத்தானே."

"சரிங்க சார்," என்றான் சம்பத்.

திரும்பும் வழியில் வேம்புலி பைக்கை ஓரமாக நிறுத்தினார். இறங்கவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே பேசினார்.

"ஏன்டா அப்டி சொன்னே? நானே சொல்லியிருப்பேன்."

"தெரியும் ஏட்டய்யா."

"அப்பறம்?"

"ஒண்ணரை வருசத்துல பென்ஷன்னீங்களே."

வேம்புலி வண்டியைக் கிளப்பினார்.

*

டயர்கள் வந்தன. காலை டிரிப் முடிந்து ஒன்பதரைக்கு மேல் ஒரு மினி வேனில் இரண்டு, மூன்று என்று வரும். சம்பத்துக்குக் கை ஒழியவில்லை. ஏகாம்பரம் டயர் இறக்கும் டிரைவர்களுக்குச் சாறு விற்றார். சம்பத்தின் ராசி தனக்கு அடிக்கிறது என்றார்.

"ஷெட்டு வேலைக்குப் போயிருந்தா நீ யாரோ, நான் யாரோ," என்றாள் திவ்யா. "இப்ப பாரு, நேரத்துக்கு ஊட்டுக்கு வந்து தின்ற." அவள் கோபப்படவில்லை. மூன்று தாள்களையும் பாப்பாவுக்குக் கொடுத்துவிட்டாள். பாப்பா பின்பக்கத்தில் பஸ் வரைந்தது.

காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்முன் சம்பத் அவள் காலில் கிரேப் பேண்டேஜ் சுற்றிவிடுவான். கணுக்காலில் ஆரம்பித்து, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடும்படி, மடிப்பு விழாமல், முட்டிவரை. நர்ஸ் சுற்றியதைவிட இது நன்றாக நிற்கிறது என்று திவ்யா சொன்னாள்.

"இன்னொரு ரவுண்டு இறுக்கு."

"வலிக்கும்."

"சாயங்காலம் வரைக்கும் நிக்கணும்யா. இறுக்கு."

அவன் இறுக்கினான். அவள் எழுந்து இரண்டு தடவை குதித்துக் காட்டினாள். பாப்பாவும் குதித்தது.

அந்த மாதத்தில் ஒருநாள் இரண்டு பேர் வந்து அவன் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் குழி தோண்டினார்கள். உயரமான இரும்புக் கம்பம் ஒன்றை நட்டுச் சிமெண்ட் போட்டார்கள். உச்சியில் நாலு பக்கமும் பார்க்கிற கேமராக்கள்.

"ரோடு முழுக்க எடம் கீது. இன்னாத்துக்கு இங்க?" என்று ஏகாம்பரம் கேட்டார்.

"ஸ்டேஷன்ல மேப்பு போட்டு குடுத்துகீறாங்க பெரியவரே. இந்தப் பக்கத்துலயே இங்கதான் கேஸு ஜாஸ்தியாம்."

ஏகாம்பரம் சம்பத்தைப் பார்த்துக் கண்ணடித்தார். "பாத்தியா? நீயும் நானும் சேர்ந்து கொண்டாந்தது." சிமெண்ட் காய்ந்ததும் சம்பத் பழுதான டயர்களைக் கம்பத்தில் சாய்த்துவைத்தான். வசதியாக இருந்தது.

*

இருபத்தொன்பதாம் தேதி காலை பதினொரு மணிக்கு வேம்புலி வந்தார். பைக்கை நிறுத்தினார். சம்பத் டயரைப் படுக்கப்போட்டு அட்டையை வைத்தான். அவர் உட்கார்ந்தார். பையைத் திறக்கவில்லை.

ஏகாம்பரம் கரும்பை மடித்து இயந்திரத்துக்குள் விட்டார். வழக்கமாகக் கேட்பதுபோல் எத்தனை குறைகிறது என்று கேட்கவில்லை. மலேசியாவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போவதற்காகப் போன வாரம்தான் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருந்தார். அதற்கும் போலீஸ் வெரிஃபிகேஷன் உண்டு. தண்ணி கேன் அப்பாவு இப்போதெல்லாம் மாதக் கடைசியில் இந்தப் பக்கமே வருவதில்லை.

"டயரு நெறய வருதா?"

"வருதுங்க ஏட்டய்யா."

"திவ்யா காலு?"

"பரவால்ல."

வேம்புலி ரோட்டைப் பார்த்தார். எதிர்ப்பக்கத்தில் புதிதாக ஒருவர் இளநீர் வண்டி போட்டிருந்தார். வந்தவாசிப் பக்கத்து ஆள். மனைவியும் கூட நின்று குலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வேம்புலி எழுந்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரோட்டைக் கடக்க நின்றார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"ஏட்டய்யா."

வேம்புலிக்குக் கேட்கவில்லை. சம்பத் எழுந்து போய் அவருக்குப் பக்கத்தில் நின்றான். அவர் திரும்பிப் பார்த்தார்.

"எத்தினி கொறையுது?" என்றான்.

"விடு சம்பத்து. உன்ன கேக்க நான் வரல."

"எத்தினி?"

"மூணு."

"அந்தாளு வேணாம். புதுசா வந்துகீறாரு. பேரு சுத்தமா கீது." சம்பத் ஈரக் கையைக் கைலியில் துடைத்தான். "ஏம்பேர எழுதுங்க. அது ஏற்கெனவே அங்க கெடக்குது. மூணையும் எழுதுங்க, வேற வேற தேதி போட்டு."

ஏகாம்பரம் சக்கரத்தை நிறுத்தியிருந்தார். வேம்புலி எதிர்ப்பக்க இளநீர் வண்டியைப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து, டயர்மேல் அட்டையைச் சரியாக வைத்து, கம்பத்துக்குக் கீழே உட்கார்ந்தார். பையிலிருந்து படிவங்களை எடுத்தார். கண்ணாடியைப் போட்டார். தலைக்கு மேலே கேமரா நாலு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தது.

ஏகாம்பரம் ஒரு டம்ளர் சாறு பிழிந்து கொண்டுவந்து வேம்புலியின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். படிக்கச் சொல்லவில்லை.

சம்பத் காலேஜ் பஸ்ஸின் டியூபைத் தண்ணீரில் இறக்கினான். பெரிய டியூப். தொட்டிக்குள் முழுதாக அமுங்காது. இரண்டு கையாலும் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பவேண்டும். 'உரத்த குரலில்' என்று வேம்புலி எழுதினார். தாளைத் திருப்பி, அடுத்த தாளில் மறுபடியும் எழுதினார். பேனா அட்டையில் உரசும் சத்தம் கேட்டது. சம்பத் உதட்டை மூடிக்கொண்டு, காதைத் தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். ரொம்பச் சின்ன ஓட்டை. ஒவ்வொரு குமிழியாக வந்துகொண்டிருந்தது. அவன் அதன்மேல் பெருவிரலை வைத்து அழுத்திக்கொண்டான்.